கங்குநிரையில் முன்னால் நடப்பவர்

கங்குநிரை என்றொரு மலைத்தொடர் இருந்தது. எந்தச் சீமையில் என்று என்னைக் கேட்காதீர்கள். பகலிலேயே இரண்டு நிலா தெரிகிற ஊர் அது என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

ஒன்பது மலைகள், ஒன்பதும் தீமலைகள். ஒன்று மஞ்சளாகப் புகையும், ஒன்று நீலமாகப் புகையும். இன்னொன்று புகையே இல்லாமல் சும்மா முனகிக்கொண்டு கிடக்கும். சில நாட்களில் வானத்திலிருந்து சாம்பல் அரிசிமாவு போல மெதுவாக இறங்கும். ஜனங்கள் அதைத் தோளிலிருந்து தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இந்தப் பக்கம் கிழக்குச்சாரல், அந்தப் பக்கம் மேற்குச்சாரல். நடுவே மலை.

மலைக்கு மேலே பாதை என்று எதுவும் கிடையாது. நேற்று நடந்த இடம் இன்று இருக்காது. மேலே கறுப்பாகக் காய்ந்த பொருக்கு, அடியில் தீக்குழம்பு. பொருக்கு எங்கே கெட்டி, எங்கே மெலிசு என்று கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத்தான் தெரியும்.

அதனால் முன்னால் நடந்து கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். முன்னடி என்று அவருக்குப் பெயர். பின்னால் வருகிறவர்கள் தடித்த தோல்செருப்புப் போட்டுக்கொள்ளலாம். முன்னடிக்கு வெறுங்கால்தான்.

சாத்தையா முப்பது வருஷம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். உள்ளங்கால் எருமைத்தோல் மாதிரி இருக்கும். அடுப்பிலிருந்து உருண்ட கங்கை விரலால் எடுத்து உள்ளே போடுவார். "இடுக்கியைத் தேடாதே, சாத்தையாவைக் கூப்பிடு" என்று தெருப்பெண்கள் கேலி பேசுவார்கள். அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்தப் பெருமைதான் மூன்று வருஷத்துக்கு முன்பு அவரை மலையேற்றியது.

மகன் வேம்பனுக்கு மேற்குச்சாரலில் பெண் எடுத்திருந்தது. மருமகள் வஞ்சி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தகவல் வந்ததும் அப்பனுக்கும் மகனுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. முன்னடி வர நாலு நாள் ஆகும், பொறுங்கள் என்றது ஊர்.

"எங்க அப்பா காலைவிடப் பெரிய காலா?" என்றான் வேம்பன்.

சாத்தையா முன்னால் நடந்தார். மகன் செருப்புக்காலோடு பின்னால் வந்தான். ஏழாம் மலையின் தோளில், முதுகுக்குப் பின்னால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

தனியாக ஊர் திரும்பினார். "கால் மரத்துப்போச்சு. சூடே தெரியல" என்று சொன்னார். ஊர் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும், அவருடைய கால் ஊருக்கே தெரிந்த கால் ஆயிற்றே.

அதற்கப்புறம் அவர் சூளைப் பக்கம் போகவில்லை. பேத்தியின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒருநாள் காலையில் ஓமாயியின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

ஓமாயி கிழக்குச்சாரலின் முன்னடி. அவளுக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்காது. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தாயி, எனக்கு முன்னடி சொல்லிக் குடுங்க."

"எதுக்குப் பெரியவரே?"

"மருமகளும் பேத்தியும் அங்க இருக்காங்க. கூட்டிட்டு வரணும்."

"அடுத்த மாசம் நான் போறேன். கூட்டிட்டு வந்துடறேன்."

"வேண்டாம் தாயி. என் பின்னால வந்தவனைத்தான் மலை எடுத்துச்சு. இவங்க ரெண்டு பேரும் என் பின்னால வந்து வீடு சேரணும். அப்பத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

ஓமாயி கீரையைத் தள்ளி வைத்தாள். அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சந்தையில் பானை வாங்குகிறவள் மாதிரி உள்ளங்காலை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"இது கால் இல்ல, கதவு. திறக்க நாளாகும்" என்றாள்.

நாளானது. தினமும் காலையில் கழுநீரில் காலை ஊறவைக்க வேண்டும். ஊறியதும் நுரைக்கல்லால் தேய்க்க வேண்டும். பிறகு விளக்கெண்ணெய். முப்பது வருஷச் சூளை ஏடு ஏடாக உரிந்து வந்தது. நாலாம் மாதம் வாசலில் கிடந்த ஒரு மணல் பருக்கை குத்தி அவர் துள்ளினார். துள்ளிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

ஓமாயி அடிக்கடி மலைக்குப் போய் வருவாள். வந்ததும் காலைக் கழுவாமல் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். சாத்தையா ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"தாயி, உங்களுக்குச் சுடலையா?"

"சாப்பிட்டீங்களா பெரியவரே?" என்பாள் அவள்.

ஐந்தாம் மாதம் முற்றத்தில் ஆற்றுமணலைப் பரப்பினாள். மணலுக்கு அடியில் அங்கங்கே கங்குகளைப் புதைத்தாள். எங்கே என்று சொல்லவில்லை.

"இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்கு நடங்க."

சாத்தையா நடந்தார். மூன்றாம் அடியில் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். ஆறாம் அடியில் கண்ணில் நீர் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அந்தக் கோடியில் போய் நின்று, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி மேல்துண்டை உதறினார்.

"இன்னைக்கு ஆகல" என்றாள் ஓமாயி.

மறுநாளும் ஆகவில்லை. அதற்கு மறுநாளும் ஆகவில்லை. பொறுத்தது போதவில்லை போலிருக்கிறது என்று சாத்தையா நினைத்தார். மனுஷன் சளைக்கிற ஆள் இல்லை. ஒருநாள் கங்கு இருக்கிற இடமாகப் பார்த்து, அதன்மேல் நின்று பத்து எண்ணிவிட்டு நடந்தார். ஓமாயி ஓடி வந்து அவரை இழுத்து உட்கார வைத்துக் காலில் கற்றாழைச் சோற்றைப் பூசினாள். 

"உங்க கால் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

சாத்தையா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

புண் ஆற ஒரு மாதம் ஆனது. ஆறிய பிறகு, ஒருநாள் மணலைப் பரப்பிவிட்டு ஓமாயி தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக்குட்டிகள் இரண்டு முற்றத்துக்குள் வந்துவிட்டன. முன்னால் வந்த குட்டி மணலில் கால் வைத்தது. "ம்மே!" என்று ஊரே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு எகிறிக் குதித்தது. பின்னால் வந்த குட்டி நின்றது, யோசித்தது, மணலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

ஓமாயி வெளியே வந்தாள். முன்னால் வந்த குட்டியைத் தடவிக்கொடுத்து, ஒரு பிடி அகத்திக்கீரையை அதன் வாயில் வைத்தாள்.

"இது தேறிடுச்சு" என்றாள்.

சாத்தையாவுக்குச் சுருக்கென்றது.

"தாயி, அது ரெண்டடிகூட நடக்கல. நான் கடைசி வரைக்கும் நடந்தேனே!"

"ஆமா பெரியவரே. நீங்க கடைசி வரைக்கும் நடந்தீங்க."

அன்று அவர் சாப்பிடவில்லை. ஒரு ஆட்டுக்குட்டிக்குக் கீழே போய்விட்டோமே என்று மனசு ஆறவில்லை.

எட்டாம் மாதம் மேற்குச்சாரலிலிருந்து சாம்பல் பூசிய முகத்தோடு ஒரு உப்பு வியாபாரி வந்து சேர்ந்தார். ஒன்பதாம் மலை வாய் திறந்துவிட்டது என்றார். கிணறெல்லாம் கந்தகம் நாறுகிறது, குழந்தைகள் இருமுகின்றன, இன்னும் ஐந்து நாளில் காற்று திரும்பிவிடும், திரும்பினால் ஒரு வருஷத்துக்கு யாரும் இந்தப் பக்கம் வரமுடியாது என்றார்.

சாத்தையா ஓமாயியைப் பார்த்தார்.

"விடிஞ்சதும் கிளம்பலாம். நான் முன்னால, நீங்க பின்னால" என்றாள் அவள்.

ஒரு கயிற்றின் இரண்டு நுனியை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மலைமேல் நடப்பது தூக்கத்தில் நடப்பது மாதிரிதான் இருந்தது. கல்லெல்லாம் கதகதவென்றிருக்க, இரண்டு நிலாவும் புகைக்குள் கரைந்து கரைந்து தெரிந்தன. காலுக்கடியில் ஒரு முணுமுணுப்பு, பக்கத்து அறையில் யாரோ தாலாட்டுப் பாடுவது போல.

"ஏழாம் மலையில நீலப்புகை வரும். அதுல ஆளுங்க தெரிவாங்க, போய்ச் சேர்ந்தவங்க. கூப்பிடவும் கூப்பிடுவாங்க. நீங்க என் குதிகாலை மட்டும் பாருங்க" என்றாள் ஓமாயி.

"உங்களுக்கு யார் தெரிவாங்க தாயி?"

"கயித்தைக் கெட்டியாப் பிடிங்க."

அவர் கயிற்றைப் பிடித்தார், குதிகாலை மட்டும் பார்த்தார். ஆனால் காதை என்ன செய்வது? முன்னால் போகிற ஓமாயி பத்தடிக்கு ஒருதரம் கத்தினாள். "ஸ்ஸ்! ஆத்தாடி! ஐயோ, சுடுது, சுடுது!" என்று சின்னப்பிள்ளை மாதிரி கூச்சல் போட்டாள். கத்திவிட்டு ஒதுங்கி வேறு பக்கம் நடந்தாள். கிழக்குச்சாரலே கையெடுத்துக் கும்பிடுகிற முன்னடி இப்படியா கத்துவாள் என்று சாத்தையாவுக்கு அவளுக்காக வெட்கமாக இருந்தது. நல்லவேளை, பார்க்க வேறு யாரும் இல்லை.

எட்டாம் மலையைத் தாண்டும்போது அவள் போட்ட கூச்சல் வேறு மாதிரி இருந்தது. பின்பக்கமாகச் சாய்ந்து அவர்மேலேயே விழுந்தாள். அவள் வலது கால் வைத்த இடத்தில் பொருக்கு சிவந்து மெதுவாக உள்வாங்கியது.

எப்படியோ மேற்குச்சாரலில் இறங்கினார்கள். வஞ்சியின் ஊர் எல்லையில் ஒரு தொட்டி. சாத்தையா தண்ணீர் மொண்டு ஓமாயியின் காலைக் கழுவினார். முதல் தடவையாக அவள் உள்ளங்காலைப் பார்த்தார். வலது கால் முழுக்கக் கொப்புளம். இடது கால் தொட்டில் குழந்தையின் பாதம் மாதிரி மெத்தென்றிருந்தது.

"தாயி, உங்களுக்குச் சுடலையா?" என்று கேட்டார். 

"எல்லாரையும்விட முந்திச் சுடுது பெரியவரே. அதனாலதான் என்னை முன்னால போகச் சொல்றாங்க."

அவர் காலைத் துடைத்துத் துணி சுற்றினார்.

"திரும்பிப் போறப்ப நீங்கதான் முன்னால" என்றாள் ஓமாயி. "கொப்புளம் வந்த காலோட முன்னடி போகக் கூடாது. இந்தக் காலுக்கு இனி எல்லா இடமும் சுடும்."

"நான் இன்னும் தேறலையே தாயி."

"ஆமா, தேறல" என்றாள் அவள்.

வஞ்சியின் வீட்டுக்கூரை சாம்பலில் வளைந்திருந்தது. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வாசலில் உட்கார்ந்து சாம்பலில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. வேம்பனின் அதே நெற்றி. சாத்தையா வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"யாரும்மா இது?"

"தாத்தாடி, சிட்டு" என்றாள் வஞ்சி. சொல்லிவிட்டு உள்ளே போய் மூட்டை கட்ட ஆரம்பித்தாள். மூன்று வருஷம் எட்டிப் பார்க்காதவரிடம் அதற்குமேல் என்ன பேசுவது?

சாத்தையா பின்னாலேயே போய்த் தரையில் உட்கார்ந்தார். ஓமாயி வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வஞ்சி, நாளைக்கு நான்தான் முன்னால நடக்கணும். அதுக்கு முன்னால உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

வஞ்சி துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"கால் மரத்துப்போச்சு, சூடு தெரியலன்னு ஊர்ல சொல்லியிருந்தேன். அது பொய். தெரிஞ்சுச்சும்மா. இந்தத் தோலையும் தாண்டிச் சுருக்குன்னு சுட்டுச்சு. ஒரு அடி, ரெண்டடி. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். பின்னால பையன் வர்றான், அப்பன் கத்தினா என்ன நினைப்பான்னு நினைச்சேன். நான் சத்தம் போடல. அதனால அவன் பயமில்லாம வந்தான்."

மடித்த புடவை வஞ்சியின் கையிலேயே நின்றது. வெளியே சிட்டு தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.  வஞ்சி அழுதாள், சத்தமில்லாமல் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"இந்தத் தடவை கத்துவீங்களா மாமா?"

அவர் தலையாட்டினார்.

"தலையாட்டாதீங்க. வாயால சொல்லுங்க."

"கத்துவேன்" என்றார் சாத்தையா.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். முன்னால் சாத்தையா வெறுங்காலோடு. அவருக்குப் பின்னால் சிட்டுவை முதுகில் கட்டிக்கொண்டு வஞ்சி. கடைசியில் கட்டுப்போட்ட காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு ஓமாயி. ஒரே கயிற்றை மூன்று பேரும் பிடித்திருந்தார்கள்; வஞ்சி அதை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

ஒன்பதாம் மலையை ஒதுங்கிச் சுற்றினார்கள். எட்டாம் மலையில் முதல் சூடு பட்டது. "ஸ்" என்றார், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத மாதிரி.

"கேக்கல" என்றாள் ஓமாயி பின்னாலிருந்து.

"ஸ்ஸ்!"

"தாத்தா ஸ்ஸுன்னுது!" என்று சிட்டு கைகொட்டிச் சிரித்தாள். சாத்தையாவுக்குக் காதெல்லாம் சூடேறியது. ஆனாலும் ஒதுங்கி நடந்தார். பின்னால் வந்த கயிறும் ஒதுங்கி வந்தது.

ஏழாம் மலையில் நீலப்புகை இறங்கியது. அது வந்ததே தெரியவில்லை. நடந்துகொண்டே இருந்தார்கள், உலகம் மெல்ல நீலமாகிவிட்டது. கல் நீலம், கை நீலம், மூச்சு நீலம். காலுக்கடியில் அந்தத் தாலாட்டு. நடக்கிறோமா மிதக்கிறோமா என்று சந்தேகமாக இருந்தது. கையில் கயிறு இருந்தது, ஆனால் அது எதற்கு என்று சாத்தையாவுக்கு மறந்துபோயிற்று.

இடதுபக்கம் பத்தடி தள்ளி வேம்பன் நின்றுகொண்டிருந்தான்.

அதே தோல்செருப்பு, அதே கோடுபோட்ட துண்டு. வயது கூடவே இல்லை.

"அப்பா, இப்படி வாங்க. இங்க குளுகுளுன்னு இருக்கு."

சாத்தையா திரும்பி அவனை நோக்கி நடந்தார். மூன்று வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. நெஞ்சு அப்படியே லேசாகிவிட்டது. பேத்தியைக் கொண்டுவந்திருக்கிறேன் பார்டா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஓர் அடி வைத்தார். உள்ளங்காலில் சுருக்கென்றது.

பழக்கம் எங்கே போகும், பல் தானாகக் கடித்துக்கொண்டது. வேம்பன் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் சூளை வாசலில் நின்று அப்பாவைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. எங்க அப்பா காலைவிடப் பெரிய காலா?

இரண்டாம் அடி வைத்தார். சூடு முழங்கால்வரை ஏறியது. ஒன்றும் இல்லடா என்று சொல்ல வாய் திறந்தார்.

திறந்த வாயிலிருந்து வேறு சத்தம் வந்தது.

"சுடுதுடா! ஐயோ, சுடுதுடா வேம்பா! அப்பாவுக்குச் சுடுதுடா!"

ஒன்பது மலையும் அதைத் திருப்பிச் சொல்லின. கயிறு சட்டென்று நின்றது. சாத்தையா பின்னால் தாவி வஞ்சியின் காலடியில் விழுந்தார். அவர் மூன்றாம் அடி வைக்கவிருந்த இடம் அப்பளம் போல நொறுங்கி உள்ளே போனது. உள்ளிருந்து எழுந்த சிவப்பு வெளிச்சம் நீலப்புகையைக் கிழித்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அவர் எழுந்திருக்காமல் வாய்விட்டு அழுதார். காலைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லி அழுதார். மூன்று வருஷமாக அழ வேண்டியதை அழுதார். சிட்டு அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டி, "ஊதி விடட்டா தாத்தா?" என்று கேட்டாள்.

பிறகு எழுந்து வலதுபக்கமாகச் சுற்றி நடந்தார்கள். மிச்ச மலைகளிலெல்லாம் அவர் கத்திக்கொண்டேதான் வந்தார். வெட்கம் எங்கேயோ விழுந்துவிட்டது, அவர் தேடவும் இல்லை.

உச்சிவெயிலில் கிழக்குச்சாரலின் ஊற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். வஞ்சி சிட்டுவின் முகத்திலிருந்த சாம்பலைக் கழுவினாள். சாத்தையா ஊற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓமாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலிலிருந்த துணிக்கட்டை அவிழ்த்தாள். அவள் கையில் கயிறு இல்லை என்பதை அப்போதுதான் அவர் கவனித்தார். கயிற்றின் கடைசி நுனி வஞ்சியின் இடுப்புக்குப் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"தாயி."

"சொல்லுங்க."

"அங்க அவன் நிஜமாவே நின்னானா? பின்னாலருந்து உங்களுக்குத் தெரிஞ்சானா?"

ஓமாயி துணியைத் தண்ணீரில் அலசினாள். பிழிந்தாள். மடியில் விரித்து மடித்தாள்.

"எனக்குத் தெரியாது பெரியவரே. அந்த நேரம் நான் கயித்தை விட்டுட்டு, புகையில நின்ன எங்க அம்மாவைப் பாத்து நடந்துக்கிட்டு இருந்தேன். நீங்க கத்துனது கேட்டுச்சு. நின்னுட்டேன்."